ஸாக்குக்கு லைன் ஒரு சாக்கா?

19 ஜனவரி 2025, காலை

இது அமெரிக்க ஃபுட்பால் பேச்சு. பந்தை எறிபவர் குவாட்டர்பேக், எறியும் முன் அவரை வீழ்த்துவது ஸாக், அவரைக் காக்க முன்னால் நிற்பவர்கள் ஓ-லைன். ஸ்ட்ரௌட் எங்கள் ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் குவாட்டர்பேக், ஆரோஹெட் கான்ஸஸ் சிட்டியின் மைதானம். வாசகர் ஒருவர் கேட்டது: "நேற்று ஆரோஹெட்டில் ஸ்ட்ரௌட்டுக்கு எட்டு ஸாக். 23-14 தோல்வி. எல்லாரும் ஓ-லைனைப் போட்டுத் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ போன வருஷம் ஆடியது அதிர்ஷ்டம், இந்த வருஷம் ஆடியதுதான் அசல் என்று தோன்றுகிறது. பெரிய குவாட்டர்பேக் என்றால் லைன் எப்படி இருந்தாலும் சமாளிக்க வேண்டாமா? ஸாக்குக்கு லைன் ஒரு சாக்கா?"

சாக்கு இல்லை, காரணம். 2023-இல் ஸ்ட்ரௌட் 4,108 யார்டு, 23 டச் டவுன் (கோட்டைத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்), 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்). 2024-இல் 3,727 யார்டு, 20 டச் டவுன், 12 இன்டர்செப்ஷன். நடுவில் மாறியது என்ன? அவரை வீழ்த்திய கணக்கு 38-இலிருந்து 52-க்குப் போனது. கை அதே கைதான். அந்தக் கையைப் பின்னுக்கு இழுத்து எறிய இடம்தான் இல்லை.

நேற்று எட்டு ஸாக்கும் லைன் தலையில்தான் விழ வேண்டும். இரவு விரிவாக எழுதுகிறேன்.

19 ஜனவரி, இரவு

ஹூஸ்டனில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் டெக்ஸன்ஸின் முதல் குவாட்டர்பேக் டேவிட் காரிடம் போய்த்தான் நிற்கும்.

2002 ஜூனில் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். ஃபுட்பால் என்றால் எனக்கு அப்போது காலால் உதைக்கிற பந்துதான். ஊரே புது அணி வந்த கொண்டாட்டத்தில் இருந்தது. டெக்ஸன்ஸின் முதல் ஆட்டம் செப்டம்பர் 8, டல்லஸுக்கு எதிராக. அலுவலகத்து நண்பர் வீட்டில் டிவியில் பார்த்தோம். டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கிற தேர்வில், முதல் ஆளாக எடுத்த பையன் கார், பந்து கைக்கு வந்த முதல் டிரைவிலேயே பில்லி மில்லருக்கு ஒரு டச் டவுன் எறிந்தான். 19-10 என்று ஜெயித்தார்கள். வீட்டுக்குள் பெரியவர்கள் அழுதார்கள். ஏன் அழுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பழைய அணியான ஆய்லர்ஸ் ஊரை விட்டுப் போய் ஆறு வருஷம் இந்த நகரம் அணி இல்லாமல் கிடந்தது என்று பிறகுதான் சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே நண்பர் ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனார். மேல் தட்டு, எண்ட் ஸோனுக்குப் பின்னால். மலிவான இடம். ஆனால் லைன் பிளப்பதையும் மூடுவதையும் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அன்று நான் பார்த்தது இவ்வளவுதான்: கார் பந்தை வாங்குவார், மூன்று அடி பின்னால் போவார், விழுவார். எழுந்து ஹெல்மெட் கம்பியில் சிக்கிய புல்லைப் பிடுங்கிப் போடுவார். மறுபடி குனிந்து நிற்பார். மறுபடி விழுவார். ஒரு தடவைகூட முன்னால் நின்றவர்களைத் திரும்பி முறைத்ததை நான் பார்க்கவில்லை.

அந்த சீசனில் 76 ஸாக். என்எஃப்எல் என்கிற இந்த லீகின் வரலாற்றில் ஒரே சீசனில் ஒருவர் வாங்கிய மிக அதிகம், இன்றுவரை. ஐந்து வருஷத்தில் 249.

அணியை அமைத்தவர்கள் இதை யோசிக்காமல் இல்லை என்பதுதான் வலிக்கிறது. புது அணிக்காக மற்ற அணிகளின் ஆட்களிலிருந்து எடுக்கவிடும் விரிவாக்க டிராஃப்டில் அவர்கள் எடுத்த முதல் ஆளே டோனி பொசெல்லி, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த இடது டேக்கிள்களில் (லைனின் இடது ஓரத்தில் நிற்பவர்) ஒருவர். அவர் தோள் ஏற்கெனவே கெட்டிருந்தது. டெக்ஸன்ஸுக்காக ஒரு ஸ்னாப்கூட (பந்து பின்னால் போய் ஆட்டம் தொடங்குகிற ஒரு தடவை) ஆடாமல் ஓய்வு பெற்றார். 2022-இல் பொசெல்லி ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனபோது நான் நினைத்தது காரைத்தான். ஒரு தோள் சரியாக இருந்திருந்தால் இரண்டு பேர் கதையும் வேறு.

20 ஜனவரி

நேற்று எழுதியதில் அவசரத்தில் விட்டது. ஆட்டத்தைப் பழகாத சிலரும் இதைப் படிக்கிறார்கள், அவர்களுக்காக.

குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பேர்: நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்ட், ஓரங்களில் டேக்கிள். ஒவ்வொருவரும் 140 கிலோ பக்கம் இருப்பார்கள். ஸ்கோர் பலகையில் இவர்கள் பெயர் வராது. பந்தைத் தொடவும் மாட்டார்கள், சென்டர் ஒருவரைத் தவிர. இவர்கள் வேலை நேரம் வாங்கித் தருவது. எவ்வளவு நேரம்? சுமார் இரண்டரை வினாடி. லைன்மேன் தன் ஆளை 2.5 வினாடி தாங்கினால் அது அவர் வெற்றி என்று இஎஸ்பிஎன் ஒரு கணக்கே வைத்திருக்கிறது. தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? ஒரு கட்டை தவறினால் ஊரே அவரைத்தான் பார்க்கும். அந்த மாதிரி வேலை.

அந்த இரண்டரை வினாடிக்குள் குவாட்டர்பேக் மூன்று நான்கு பேரை வரிசையாகப் பார்க்க வேண்டும். நேரம் ஒன்றரையாகக் குறைந்தால் முதல் ஆளோடு பார்வை நின்றுவிடும். அடிக்கடி குறைந்தால் கெடுதல் இன்னும் ஆழமாகப் போகும். பார்வை தூரத்திலிருந்து இறங்கி, தன்னை நோக்கி வருகிறவன் மேல் விழும். கால் தரையில் ஊன்றாது. கோச் நீளமான ஆட்டங்களைப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடுவார். அப்புறம் நல்ல பாதுகாப்பு கிடைத்த ஸ்னாப்பிலும் அவர் பயந்துதான் எறிவார்.

2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்துக்கு எதிராக 33-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்து குவாட்டர்பேக் சாம் டார்னால்ட் "எனக்குப் பேய்கள் தெரிகின்றன" என்று சொன்னது மைக்கில் பதிவாகி ஊர் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரின் முகத்தில் நான் பார்த்தது அதுதான். அதே டார்னால்ட் இந்த சீசனில் மினசோட்டாவுக்கு 14 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்து 35 டச் டவுன் எறிந்தார். போன வாரம் ராம்ஸுக்கு எதிராக ஒன்பது ஸாக். ஒரே இரவில் மறுபடி பழைய டார்னால்ட் என்று எழுதிவிட்டார்கள்.

22 ஜனவரி

"குவாட்டர்பேக்குகளின் பெருமையே லைன் கொடுத்ததா என்ன, மிகைப்படுத்துகிறீர்கள்" என்று ஒருவர். மார்க் ரிப்பியன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் அதுவே பாதிப் பதில்.

எண்பதுகளில் வாஷிங்டனின் லைனுக்கு "ஹாக்ஸ்" என்று பட்டப்பெயர், பன்றிகள். ஜோ ஜேக்கபி, ரஸ் கிரிம், ஜெஃப் போஸ்டிக். பயிற்சி தந்தவர் ஜோ புகல். தலைமை கோச் ஜோ கிப்ஸ் மூன்று சூப்பர் பௌல் (லீகின் இறுதி ஆட்டம்) ஜெயித்தார், மூன்றும் மூன்று வெவ்வேறு குவாட்டர்பேக்குகளோடு: தைஸ்மன், டக் வில்லியம்ஸ், ரிப்பியன். அப்படி ஜெயித்த கோச் வேறு யாரும் இல்லை. 1991-இல் ரிப்பியன் 421 முறை பந்தை எறிந்தார், 28 டச் டவுன். முழு சீசனிலும் அவரை வீழ்த்தியது 7 முறை! கார் ஒரே மாதத்தில் அதைவிட அதிகம் வாங்குவார். ரிப்பியன் சூப்பர் பௌலின் சிறந்த வீரரும் ஆனார். அந்த லைனுக்கு வயதானது, அவரும் கரைந்துபோனார். பிறகு அணி அணியாக மாறிக்கொண்டே இருந்தார்.

மயாமியில் குவாட்டர்பேக் மரினோவும் இதே கதைதான். அவருக்கு முன்னால் டுவைட் ஸ்டீஃபன்சன் என்ற சென்டர், ஹால் ஆஃப் ஃபேம்காரர். அதனால்தான் 1988-இல் மரினோ 606 முறை எறிந்தும் ஸாக் வெறும் 6.

22 ஜனவரி, இரண்டு மணி நேரம் கழித்து

மேலே கடைசிப் பத்தி தப்பு. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஸ்டீஃபன்சனின் முழங்கால் 1987 டிசம்பரில், ஜெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. அப்படியென்றால் அந்த 6 ஸாக் வருஷம், அந்த மகா சென்டர் இல்லாத வருஷம். என் வாதத்துக்குத் தூணாக நிறுத்திய உதாரணமே என் காலை வாருகிறது.

மரினோவின் கையிலிருந்து பந்து அவ்வளவு வேகமாகப் போனது. யாரிடம் எறிவது என்று ஸ்னாப்புக்கு முன்பே பாதி முடிவெடுத்துவிடுவார். ஆள் வந்து சேரும்போது பந்து அங்கே இருக்காது. பேட்டன் மானிங்கும் அப்படித்தான்: 9,380 எறிதல்களுக்கு 303 ஸாக்தான். அவர் லைனில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அணியே மாறியது. அந்த விகிதம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

ஆக, ஸாக் என்பதே பாதி குவாட்டர்பேக்கின் கணக்கு. 19-ஆம் தேதி காலையில் "எட்டும் லைன் தலையில்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று மகனோடு உட்கார்ந்து ஆரோஹெட் ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். அவன் உயர்நிலைப் பள்ளி அணியில் இடது கார்ட். நான் "டேக்கிள் விட்டுட்டான்" என்ற இடத்தில் நிறுத்தி, "இல்லப்பா, டேக்கிள் ஆளை வெளியே சுத்தி அனுப்பிட்டான். ஸ்ட்ரௌட் முன்னாடி ஏறி நிக்கணும். பின்னாடி பின்னாடி போறார் பாருங்க, அங்கதான் அவன் காத்திருக்கான்" என்றான். இன்னோரிடத்தில் ரன்னிங் பேக் (பந்தை வாங்கி ஓடுகிறவர்) தடுக்க வேண்டிய தன் ஆளை விட்டதைக் காட்டினான். சில இடங்களில் ஸ்ட்ரௌட் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார், அதில் சந்தேகமே இல்லை. மீதியில் அவர் எதுவும் செய்திருக்க முடியாது.

கார் விஷயத்திலும் இது உறுத்துகிறது. 2007-இல் அவரை அனுப்பிவிட்டு மேட் ஷாபைக் கொண்டுவந்தார்கள். ஹூஸ்டன் வாங்கிய ஸாக் கணிசமாகக் குறைந்தது. லைனில் சிலர் மாறினார்கள், எல்லாரும் இல்லை. அப்போது ஊரில் எல்லாரும் "பார்த்தாயா, எல்லாம் கார்தான்" என்றார்கள். நான் கோபப்பட்டேன். இப்போது அவர்கள் சொன்னதிலும் கொஞ்சம் இருக்கிறது என்கிறேன்.

ஆனால் ஒன்று. பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? 23 வயதில், முதல் வருஷம் 76 முறை விழுந்தவனுக்கு எதை நம்பி எறிவது என்றே தெரியாமல் போயிருக்கலாம். காயமும் பழக்கமும் அவனுக்குள் ஒன்றாகிவிட்டன. எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

23 ஜனவரி

மரினோவைப் பற்றி விட்டது: அந்த 6 ஸாக் வருஷத்தில் மயாமி 6 வெற்றி, 10 தோல்வி. விழாமல் இருந்தால் மட்டும் போதாது.

25 ஜனவரி

"சின்சினாட்டி குவாட்டர்பேக் பர்ரோ ஒன்பது ஸாக் வாங்கியும் ஜெயித்தாரே!" என்று இன்னொருவர்.

ஜெயித்தார். 2022 ஜனவரி 22, டென்னசியில், 19-16. அந்த மாலை எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதற்கு முந்தைய சீசனில் முழங்கால் கிழிந்து பத்தாவது ஆட்டத்தோடு உட்கார்ந்தவர். திரும்பி வந்த வருஷம் ரெகுலர் சீசனில் 51 ஸாக். அதன் பிறகு வருகிற பிளே-ஆஃப் நாக்-அவுட் சுற்றில் இன்னும் 19, அதுவும் அப்போது ஒரு சாதனைதான். சூப்பர் பௌலில் மட்டும் ஏழு. 23-20 என்று பின்தங்கி, கடைசி டிரைவ், நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி. எதிரணியின் ஆரன் டானல்ட் உள்ளே புகுந்து அவரைச் சுழற்றினார், பந்து எங்கேயோ போய் விழுந்தது. அந்த ஒரு ஸ்னாப்பில் இன்னும் அரை வினாடி இருந்திருந்தால்? பர்ரோவிடம் இன்று ஒரு சாம்பியன் மோதிரம் இருந்திருக்கலாம். அவரைப் பற்றி எழுதுகிற முதல் வரியே வேறாக இருந்திருக்கும்.

சின்சினாட்டி அந்த வருஷம் டிராஃப்டில் பெனி சூவலை விட்டுவிட்டு ஜமார் சேஸை எடுத்தது. லைன்மேனா, பந்து பிடிப்பவரா என்று அப்போது பெரிய சண்டை. நான் சூவல் பக்கம். சேஸ் இல்லாமல் அவர்கள் சூப்பர் பௌலுக்கே போயிருக்க மாட்டார்கள் என்று என் மகன் இன்றும் சொல்வான். லைனில் ஆடுகிறவனே இப்படிச் சொல்கிறான்! எனக்கு இன்னும் சூவல்தான்.

பழைய உதாரணம் ஒன்று, இதில் சண்டைக்கு இடமில்லை. 1985 நவம்பர் 18, லாரன்ஸ் டெய்லர் வந்து விழுந்ததில் தைஸ்மனின் கால் முறிந்தது. அத்தோடு அவர் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அன்று ஜேக்கபி காயத்தால் ஆடவில்லை. அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் என் கண் திரையில் இல்லாத அந்த இடது டேக்கிளைத்தான் தேடும்.

2 பிப்ரவரி

ஆண்ட்ரூ லக். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

கோல்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக், எதிர் அணிக்காரர். எங்கள் டெக்ஸன்ஸை அடித்து அடித்து நொறுக்கியவர். 2019 ஜனவரியில் இங்கே வந்து 21-7 என்று எங்களை பிளே-ஆஃபிலிருந்து வெளியே அனுப்பினார். நான் ஸ்டேடியத்தில் இருந்தேன். தோற்ற எரிச்சலிலும் அவரைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது, காரணம் உண்டு.

2012-இல் முதல் ஆளாக வந்தவர். முதல் வருஷமே 41 ஸாக். 2016-இல் மறுபடி 41. நடுவில் விலாக் குருத்தெலும்பு கிழிந்தது, வயிற்றுத் தசை கிழிந்தது, 2015-இல் சிறுநீரகம் கிழிந்து சிறுநீரில் ரத்தம் போனது, தோளில் கிழிசல். 2017 முழுக்க ஆடவில்லை. அந்தத் தோளோடு இனி எறிவாரா என்றே பேச்சு.

2018 டிராஃப்டில் கோல்ட்ஸ் ஆறாவது இடத்தில் ஒரு கார்டை எடுத்தது. குவென்டன் நெல்சன். அவ்வளவு மேலே ஒரு கார்டை எடுப்பது அபூர்வம். இரண்டாவது சுற்றில் பிரேடன் ஸ்மித். அந்த வருஷம் லக் 39 டச் டவுன் எறிந்தார், ஸாக் 18. ஒரு வெற்றி, ஐந்து தோல்வி என்று தொடங்கிய அணி 10-6 என்று முடித்தது. அவர் முகத்தில் அந்த வருஷம்தான் ஆட்டம் ஆடுகிற களை வந்தது. அவரை அப்படிப் பார்த்ததில்தான் எனக்குச் சந்தோஷம்.

நல்ல லைன் வந்து சேர்ந்துவிட்டது. உடம்பு காத்திருக்கவில்லை. 2019 ஆகஸ்ட் 24, சீசன் தொடங்கக்கூட இல்லை, 29 வயதில் போதும் என்றார். காயம், குணமாகுதல், காயம் என்கிற இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வேறு வழி தெரியவில்லை என்று கண்கலங்கிச் சொன்னார். செய்தி முன்பே கசிந்துவிட்டதால், அன்று மைதானத்தை விட்டு அவர் நடந்து போனபோது சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தார்கள். சிறுநீரில் ரத்தம் போக ஆடியவனுக்கு! இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

லக்கின் பெயர் வரும்போதெல்லாம் "என்னவெல்லாம் ஆகியிருக்கலாம்" என்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு எழுவாய் லக் இல்லை. நெல்சனை ஆறு வருஷம் தாமதமாகக் கொண்டுவந்தவர்கள்தான் எழுவாய்.

10 பிப்ரவரி, அதிகாலை

தூக்கம் வரவில்லை. நேற்று சூப்பர் பௌல், ஃபிலடெல்ஃபியா கான்ஸஸ் சிட்டியை 40-22 என்று அடித்தது.

கான்ஸஸ் சிட்டி குவாட்டர்பேக் மஹோம்ஸுக்கு ஆறு ஸாக். ஃபிலடெல்ஃபியா ஒரு தடவைகூட பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களைப் பாயவிடுவது) அனுப்பவில்லை. ஒன்றுகூட இல்லை! நான்கு பேர் ஐந்து பேரை உடைத்தார்கள், மீதி ஏழு பேர் பின்னால் நின்று வழியை அடைத்தார்கள். 2008-இல் ஜயன்ட்ஸ் பிரேடிக்குச் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அந்த சீசன் முழுக்க 21 ஸாக் வாங்கியவருக்கு அந்த ஒரு மாலையில் ஐந்து. 18-0 என்று வந்த அணி 17-14 என்று போனது.

மஹோம்ஸ் தோற்ற இரண்டு சூப்பர் பௌலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் டாம்பாவிடம் 31-9. அவருடைய இரண்டு டேக்கிள்களும், ஃபிஷரும் ஷ்வார்ட்ஸும், காயம். 56 முறை எறியப் பின்வாங்கியதில் 29 முறை நெருக்கடி, சூப்பர் பௌலில் அதுவரை யாருக்கும் இவ்வளவு இல்லை. அந்த வசந்தத்தில் கான்ஸஸ் சிட்டி லைனையே பிரித்துப் புதிதாகக் கட்டியது: தூனி, ஆர்லாண்டோ பிரவுன், ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித். இரண்டு வருஷம் கழித்து இதே ஃபிலடெல்ஃபியா, அந்த சீசனில் 70 ஸாக் எடுத்த அணி, சூப்பர் பௌலில் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை. 38-35. நேற்று அதே தூனி கார்ட் இடத்தை விட்டு இடது டேக்கிளாக நிற்க வேண்டிய கட்டாயம்.

ஆக, மஹோம்ஸே ஆனாலும். கேள்வி கேட்ட நண்பர் இதைப் படித்தால் சொல்லுங்கள், "பெரிய குவாட்டர்பேக் சமாளிக்க வேண்டாமா" என்று இன்னும் கேட்பீர்களா?

12 பிப்ரவரி

அவர் பதில் போட்டிருக்கிறார்: "மஹோம்ஸ் தோற்றால் லைன், ஸ்ட்ரௌட் தோற்றால் லைன். அப்போது ஃபிலடெல்ஃபியாவின் ஹர்ட்ஸ் ஜெயித்ததும் லைனா? எல்லாமே லைன் என்றால் குவாட்டர்பேக்குக்கு எதற்கு அவ்வளவு சம்பளம்?"

நியாயமான அடி. ஹர்ட்ஸ் ஞாயிறன்று அருமையாக ஆடினார், அது அவர் ஆட்டம். அவருடைய டேக்கிள்கள் மைலாட்டாவும் லேன் ஜான்சனும் அதற்கு மேடை போட்டார்கள். மேடை இருந்தும் ஆடத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். மேடையே இல்லாமல் ஆடிக் காட்டியவர்களும் உண்டு. ஆர்ச்சி மானிங் நியூ ஆர்லியன்ஸில் ஒரு சீசனில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் பார்க்கவில்லை. எல்லா அணிகளிலும் சேர்த்து அவர் ஆட்ட வாழ்க்கையின் மொத்தக் கணக்கு 35 வெற்றி, 101 தோல்வி, 3 சமன். அவரை எதிர்த்து ஆடியவர்கள் இன்றும் அவரை மரியாதையோடுதான் பேசுகிறார்கள். அந்த மரியாதையை எந்தப் பட்டியலில் எழுதுவது?

ஜிம் பிளங்கெட் இன்னொருவர். 1971-இல் முதல் ஆளாக வந்து நியூ இங்கிலாந்தில் அடிவாங்கி, சான் ஃபிரான்சிஸ்கோவில் துரத்தப்பட்டு, ரெய்டர்ஸில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 1980-இல் பாஸ்டரினியின் கால் முறிந்ததும் உள்ளே வந்தார். அந்த வருஷம் முன்னால் ஆர்ட் ஷெல், ஜீன் அப்ஷா. இரண்டு சூப்பர் பௌல் ஜெயித்தார். 1978-லேயே அவர் வீட்டுக்குப் போயிருந்தால் "தேறாதவர்" என்று எழுதி மூடியிருப்பார்கள். காருக்கு அப்படி ஒரு ரெய்டர்ஸ் வாய்க்கவில்லை. 2006-இல் லீகிலேயே அதிகமாக 68.3 சதவீதம் பந்தைச் சேர்த்தார், ஒரே ஆட்டத்தில் தொடர்ந்து 22 பாஸ். அடுத்த வசந்தத்தில் வெளியே அனுப்பினார்கள். கடைசியில் ஈலை மானிங்குக்கு மாற்று ஆளாக நின்று ஒரு மோதிரம் வாங்கினார். நான் அன்று கைதட்டினேன், வீட்டில் தனியாக.

13 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒன்று சொல்லாமல் விட்டேன். மகனிடம் கேட்டு, சரி என்ற பிறகு எழுதுகிறேன்.

போன அக்டோபரில் ஒரு வெள்ளி இரவு ஆட்டம். மூன்றாவது கால்பகுதி. எதிரணிப் பையன் உள்பக்கமாக ஒரு திருப்புத் திருப்பினான், என் மகனின் எடை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அரை அடிதான். அந்தப் பையன் நுழைந்துவிட்டான். எங்கள் குவாட்டர்பேக் மூன்றாம் வகுப்பிலிருந்து என் வீட்டில் தோசை சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. காறை எலும்பு முறிவு. அவனுக்கு அந்த சீசன் அத்தோடு சரி.

ஒருவேளைக்குப் பதினான்கு இட்லி சாப்பிடுகிறவன் அன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஹாலில் வெளிச்சம் தெரிந்தது. லேப்டாப்பில் அந்த ஒரு ஸ்னாப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தான். என் மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மருத்துவமனையில் அந்தப் பிள்ளை கட்டோடு உட்கார்ந்து, "டேய், நான் பந்தை முன்னாடியே விட்டிருக்கணும், என் தப்பு" என்றான். "இல்ல, என்னுது" என்றான் இவன். இருவரும் நிஜமாகவே தன் தப்பு என்று வாதாடினார்கள்.

ஸாக் யாருடைய கணக்கு என்று நான் ஒரு மாதமாக இங்கே எழுதுகிறேனே, அதை அந்த இரண்டு பேரிடம் கேட்டால் வேறு மாதிரி பதில் வரும்.

11 மார்ச்

டன்சிலை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள்! குவாட்டர்பேக் 52 ஸாக் வாங்கிய அணி தன் இடது டேக்கிளை விற்கிறது. 2019-இல் அவருக்காக மயாமிக்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வு கொடுத்தோம். வாங்கியவர்களோ ஜேடன் டேனியல்ஸ் என்கிற தங்கள் புதுப் பிள்ளையைக் காக்கத்தான் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

அதே நாள், இரவு

கொஞ்சம் ஆறியது. மகன் சொல்வது: டன்சில் தனி ஆளாக நல்லவர், ஆனால் ஸ்னாப்புக்கு முன்பே அசைந்து வாங்கிய பெனால்டிகள் ஏராளம். தவிர இந்த லைன் உடைந்தது பெரும்பாலும் உள்பக்கம், ஐந்து பேரும் ஒரே ஸ்னாப்பை ஐந்து விதமாகப் புரிந்துகொண்டபோது. "அஞ்சு நல்ல ஆள் வேற, நல்ல அஞ்சு வேறப்பா." எழுதி வைத்துக்கொண்டேன். டன்சில் போனதில் எனக்கு இன்னும் சமாதானமில்லை.

27 ஏப்ரல்

இரண்டாவது சுற்றில் ஏரியான்டே எர்சரி, மினசோட்டா பல்கலைக்கழகத்து டேக்கிள். அவர் பெயரை வாசித்ததும் மகன் போனில் அவருடைய கல்லூரி ஆட்டங்களைப் போட்டான். நான் பந்தைப் பார்த்தேன். "அப்பா, இடது கால்" என்றான். இடது காலைப் பார்த்தேன். பின்னால் தள்ளி ஊன்றுகிறது, மறுபடி, மறுபடி, எதிராளி எவ்வளவு வேகமாக வந்தாலும் அவசரப்படாமல்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: செப்டம்பரில் முதல் ஆட்டத்தை எங்கள் வீட்டில் பார்க்கலாம், வாருங்கள். ஸ்ட்ரௌட்டை நீங்கள் பாருங்கள். நாங்கள் மற்ற ஐந்து பேரைப் பார்க்கிறோம். ஆட்டம் முடிந்து கணக்குப் போடலாம்.

இப்போது கார் நிறுத்துகிற இடத்துக்குக் கூப்பிடுகிறான். அவன் அந்தக் காலை ஊன்றிப் பழக வேண்டும், நான் எதிரிலிருந்து ஓடி வர வேண்டும். பின்னால் தோள் ஆறிய அந்தப் பிள்ளை பந்தோடு நிற்கிறான்.